மணமாகும் பெண்களும் ஜெர்மன் அம்மையும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் தேக சுகத்தைப் பற்றி ஏதேனும் பேசவேண்டுமென்று நமக்குக் கட்டளை பிறந்தது. தேக சுகம் என்பது பெருங்கடல். அதில் எத்துறையில் இறங்குவது என்று ஆலோசித்தபோது, நம் குலத்துப் பெண்மக்களுக்கு உடனே பயன்படத் தக்கதும், நம்மிற் பெரும்பாலார் பெயரளவிலும் அறியாததுமாகிய ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். அது யாதெனின், குழந்தைகளுக்கு வந்து மூன்று நாளில் மறைந்து போகும் ஒரு லேசான அம்மை, கர்ப்பவதியைத் தீண்டுமாயின் அவள் வயிற்றிலுள்ள சிசுவுக்கு விளைக்கும் பெருங்கேடும், அக்கேட்டினைத் தடுக்க நாம் செய்யத்தக்க சிறு காரியமும் ஆம்.

நம் கரையில் அம்மை என்னும் ஒரே பெயரால் வழங்கும் வியாதிகள் பல. அவற்றுள் வைசூரி என்னும் பெரியம்மை ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போயிற்று. அம்மை குத்துதலின் பயனாக 1975-ஆம் ஆண்டோடு அது இந்திய தேசத்தை விட்டு அகன்றது; 1980-ல் உலகத்தை விட்டே ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. சின்னம்மை நீர்க்கொப்புளங்களோடு வருவது. மணல்வாரி என்னும் தட்டம்மை கடுஞ்சுரம், இருமல், கண்சிவப்பு இவற்றுடன் வருவது. புட்டாளம்மை கன்னத்தின் கீழ் வீங்கச் செய்வது. இவற்றை நம் வீட்டு மூதாட்டிகள் பார்த்த அளவில் இனங்கண்டு கூறுவர். இவையன்றி வேறொன்றும் உண்டு. அதற்கு நம் வழக்கில் தனிப்பெயர் ஊன்றவில்லை. ஜெர்மன் தேசத்து வைத்தியர்கள் முதன்முதல் அதனைப் பிரித்தறிந்து எழுதினமையால் ஜெர்மன் அம்மை என்றும், இலத்தீன் மொழியில் சிறு செம்மை என்னும் பொருள்பட ரூபெல்லா என்றும் அதனை அழைப்பர்.

இவ்வம்மை ஒரு பிள்ளைக்கு வந்தால் லேசான சுரம் ஓரிரு நாள் காயும். முகத்தில் தோன்றும் இளஞ்சிவப்புப் பொரிகள் மார்பு, வயிறு, கைகால் என்று இறங்கி மூன்று நாளில் மறையும். காதின் பின்னும் பிடரியிலும் சிறு நெறிகள் கட்டும். பிள்ளை விளையாடிக்கொண்டே இருக்கும். சித்திரை வைகாசி வெயிலில் வந்தால் வேர்க்குரு என்பர்; மற்றக் காலத்தில் வந்தால் மணல்வாரி என்பர்; இரண்டும் அல்லாவிடின் உடற்சூடு என்று சொல்லி இளநீர் கொடுத்து விடுவர். ஏறத்தாழப் பாதிப்பேர் வரைக்கும் பொரியே தோன்றாமலும் போவதுண்டு. வளர்ந்த பெண்களுக்கு வரின் சில நாள் மூட்டுவலி இருக்கும். இவ்வளவே. ஆதலின், இதனை ஒரு வியாதியென்று மதித்து வைத்தியரிடம் செல்வாரும் அரியர். இதனால் குழந்தைக்கு யாதொரு கெடுதியும் பெரும்பாலும் நேர்வதும் இல்லை. கெடுதி வேறிடத்தில் நேர்கின்றது.

அவ்விடம் இன்னதென்று உலகத்தார்க்கு முதன்முதல் காட்டியவர், ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் இருந்த நார்மன் கிரெக் என்னும் கண் வைத்தியர். 1940-ஆம் ஆண்டில் அத்தேசத்தில் ஜெர்மன் அம்மை பெருவாரியாகப் பரவியது. அடுத்த ஆண்டிலே, பிறவியிலேயே கண்ணிற் புரை விழுந்த கைக்குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரிடம் கொணரப்பட்டன. அவர் தாய்மாரின் வாய்மொழியைக் கவனமாகக் கேட்டார். கர்ப்பந் தரித்த தொடக்கத்தில் தமக்கு ஜெர்மன் அம்மை கண்டதாக அவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சொன்னார்கள். தம்முடைய நோயாளிகளோடு பிற வைத்தியர்களின் நோயாளிகளையும் சேர்த்து 78 குழந்தைகளைப் பற்றி விசாரித்ததில், 68 குழந்தைகளின் தாய்மார் அவ்வாறே கூறினர். 1941-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இதனை அவர் கண் வைத்தியர் சபையில் வாசித்தார். ஐயுற்றோரும் இருந்தனர். பின்னர் அடிலெய்டு நகரத்து ஆராய்ச்சியாளர் சுவான் முதலியோர் ஆராய்ந்து, கண்ணோடு செவியும் இருதயமும் பழுதுறுவதை உறுதிப்படுத்தினர். தாய்மார் சொல்லைத் தள்ளாது கேட்ட ஒரு வைத்தியரால் வைத்திய சாஸ்திரத்தில் ஒரு புதிய அத்தியாயம் பிறந்தது என்பதை ஈண்டுள்ள தாய்மார்கள் மனத்தில் இருத்துவார்களாக.

இனி, லேசானதொரு வியாதி சிசுவை மாத்திரம் இவ்வளவு கொடுமையாகத் தாக்குவானேன் என்று கேட்கலாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில்தான் கண்ணும் காதும் இருதயமும் மூளையும் உருவாகின்றன. தாயின் இரத்தத்தில் ஏறிய கிருமி நஞ்சுக்கொடி வழியே சிசுவைச் சென்றடைந்து, அவ்வுறுப்புகளை ஆக்கிக்கொண்டிருக்கும் நுண்ணிய அணுக்கள் பெருகுவதைத் தடுக்கின்றது. வீடு கட்டி முடிந்த பின் பெய்யும் மழை சுவரை நனைத்துப் போகும். கடைக்கால் எடுக்கும் நாளிற் பெய்யும் மழை வீட்டையே சாய்த்துவிடும். முதல் பத்து வாரத்திற்குள் தாய்க்கு இவ்வம்மை காணுமாயின், பத்துச் சிசுக்களில் ஒன்பது வரை ஊறுபடக் கூடும். பதினாறு வாரம் கடந்தால் ஊறு அரிதாகின்றது; அதன் பின் வருவதும் பெரும்பாலும் செவியைப் பற்றியதே. இருபது வாரம் கடந்தபின் அபாயம் பெரும்பாலும் இல்லை. கரு கலைந்து போதலும், செத்துப் பிறத்தலும் உண்டு. உயிரோடு பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, செவிப்புலன் இன்மை, இருதயத்தில் குழாய் மூடாமை, தலை சிறுத்தல், அறிவு வளர்ச்சி தாழ்தல் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருக்கும்.

இங்ஙனம் அபாயம் மிகுந்த அம்முதல் வாரங்களில், தான் கர்ப்பவதி என்பதே பல பெண்களுக்குத் தெரிவதில்லை. நம் பெரியோர் அம்மை கண்ட வீட்டிற்குக் கர்ப்பிணிகள் செல்லலாகாது என்று விதித்தனர். அது நல்ல விதியே. அதனை மூடப்பழக்கம் என்று இகழ்வாரை நாம் ஒப்புவதில்லை. ஆயினும் ஜெர்மன் அம்மையின் முன் அவ்விதி போதாது. பொரி தோன்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நோயாளியின் மூச்சிலும் தும்மலிலும் கிருமி வெளிப்படுகின்றது. பொரியே தோன்றாதவரிடமிருந்தும் வெளிப்படுகின்றது. வாசலில் வேப்பிலை செருகும் முன்னரே பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்கு அது தொற்றி முடிந்திருக்கும். பனிமய மாதா திருவிழாவில் ஜூலை 26-ந் தேதிக் கொடியேற்றம் முதல் ஆகஸ்டு 5 வரை நம் பட்டினத்தில் கூடும் ஜனத்திரளில் யார் நோயுடையார், யார் இல்லார் என்று கண்டறிதல் ஒருவராலும் ஆகாது. ஆதலின், விலகி நிற்றலினும் மேலான காவல் ஒன்று வேண்டியதாயிற்று.

அக்காவல் இல்லாத காலத்தில் நேர்ந்தது யாது என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடே சான்று. 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் அங்கே இவ்வம்மை பரவி, 1 கோடியே 25 லட்சம் பேரைப் பற்றியது. 20,000 குழந்தைகள் ஊறுபட்டுப் பிறந்தன. அவற்றுள் 11,000-க்கும் மேற்பட்டவை செவிப்புலன் இழந்தன. செல்வமும் வைத்தியசாலைகளும் நிறைந்த தேசத்தின் கதை இது. இக்கிருமியை 1962-ல் விஞ்ஞானிகள் தனித்து எடுத்திருந்தனர். 1969-ல் தடுப்பூசி வெளிவந்தது. பிலடெல்பியா நகரத்து ஸ்டான்லி பிளாட்கின் என்னும் விஞ்ஞானி ஆக்கிய வகையே பின்னர் உலகின் பெரும்பகுதியில் நிலைபெற்றது. ஒரு முறை இட்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பாதுகாப்பு உண்டாகின்றது. அது பெரும்பாலும் ஆயுள் முழுதும் நிற்கும் என்பர்.

தூரதேசத்துச் செய்தியோடு நில்லாமல் நம் அயலூருக்கு வருவோம். மதுரையில் உள்ள அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில், பிறவிக் கண்புரையோடு வரும் குழந்தைகளிற் சிலருக்கு இவ்வம்மையே காரணம் என்பதை அங்குள்ள குழந்தைக் கண் வைத்தியர்கள் பல்லாண்டுகளாகக் கண்டு எழுதி வந்தனர். அவர்கள் பிறரைச் சோதிக்கும் முன் தங்களையே சோதித்துக்கொண்டனர். மதுரை, திருநெல்வேலி, கோயமுத்தூர் ஆகிய மூன்று ஊர்களிலும் உள்ள தங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்களின் இரத்தத்தைப் பரிசோதித்து, காப்பில்லாதவர்களுக்கு ஊசி இடுவிக்க முற்பட்டு, அதன் விவரத்தை 2004-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்திரிகையில் வெளியிட்டனர். பத்தில் ஒருவருக்கு மேற்பட்டவர் காப்பில்லாதவராக இருந்தனர். அவ்வூழியர்களிற் பலர் நம்மைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்து போன இளம்பெண்களே. திருநெல்வேலி நமக்கு ஒரு மணிப் பயணம். அங்கே கண்ட கணக்கு இங்கே மாறிவிடும் என்று கருத இடமில்லை.

இது பத்தில் ஒருவர்தானே என்று எண்ணலாகாது. எஞ்சிய ஒன்பது பேரும் சிறுவயதில் தம்மை அறியாமலே இவ்வம்மையைப் பெற்றுக் காப்படைந்தவர்கள். அவர்களுக்கு இனிப் பயமில்லை. அந்த ஒருத்தி யார் என்பதோ அவளுக்கும் தெரியாது, அவள் தாய்க்கும் தெரியாது. ‘என் மகளுக்குச் சின்ன வயதில் மணல்வாரி வந்து போயிற்று’ என்னும் தாயின் சொல் இவ்விடத்தில் ஆதாரமாகாது. வந்து போனது தட்டம்மையோ, வேர்க்குருவோ, வேறொன்றோ என்று யார் அறிவார்? இரத்தப் பரிசோதனை ஒன்றே உண்மை கூறும்.

இந்திய அரசாங்கத்தார் தட்டம்மைக்கும் ஜெர்மன் அம்மைக்கும் சேர்த்து ஒரே ஊசியை 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பெருமுயற்சியாகத் தொடங்கினர். அப்போது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதேசங்களுள் நம் தமிழ்நாடும் ஒன்று. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவர்க்கும் பள்ளிக்கூடங்களிலும் சுகாதார நிலையங்களிலும் இவ்வூசி இடப்பட்டது. அதன்பின், பிறக்கும் பிள்ளைகளுக்கு ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒரு முறையும், பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்திற்குள் இரண்டாம் முறையும் இலவசமாக இடப்பட்டு வருகின்றது. இது மிகவும் மெச்சத்தக்க ஏற்பாடு. எனினும் நம் சங்கத்தார் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். 2017-ன் தொடக்கத்தில் பதினைந்து வயது நிறைந்திருந்தவர்கள், அதாவது 2002-ஆம் ஆண்டின் தொடக்கத்திற்கு முன் பிறந்தவர்கள், அவ்வேற்பாட்டில் சேரவில்லை. அதற்கு முன் அரசாங்கத்தார் நம் குழந்தைகளுக்கு இட்டது தட்டம்மை ஊசி மாத்திரமே. தனி வைத்தியரிடம் பணங்கொடுத்து மூவகை அம்மை ஊசி இடுவித்துக்கொண்ட வீட்டார் நீங்கலாக, அவ்வயதுப் பெண்கள் ஊசியின்றி வளர்ந்தவர்கள். இன்று நம் வீடுகளில் வரன் பார்த்துக்கொண்டிருப்பவர்களிலும், தலைப்பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் காத்திருப்பவர்களிலும் அவர்கள் அநேகர். வயதுவந்த பெண்களுக்கு இவ்வூசி தேசிய அட்டவணையில் இல்லை. ஒருவரும் வந்து அழைக்க மாட்டார்கள். நாமே கேட்டுப் பெறவேண்டும்.

2017-ல் அவ்வூசி இடப்பட்டபோது, கைப்பேசிச் செய்திகளின் வாயிலாகப் பலவிதப் புரளிகள் தமிழ்நாடெங்கும் பரவின. இவ்வூசியால் பிள்ளைப்பேறு இல்லாது போகும் என்பது அவற்றுள் ஒன்று. அதனை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரும் இருந்தனர். அது முழுப் பொய். பிள்ளைப்பேறு நலமாதற்கென்றே ஏற்பட்ட ஊசியைப் பிள்ளைப்பேற்றுக்குப் பகை என்று தூற்றியது விந்தையிலும் விந்தை. அப்போது மகளை மறைத்து வைத்த பெற்றோர், இப்போது அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நம் மதத்தவர் சிலருடைய மனத்தில் வேறோர் ஐயம் எழலாம். அதனையும் மறையாது கூறுவோம். இவ்வூசிக்குரிய கிருமி, பல்லாண்டுகளுக்கு முன் கலைக்கப்பட்ட ஒரு சிசுவின் திசுவிலிருந்து வந்த அணுக்களில் வளர்க்கப்படுவது. இஃது ஆகுமா என்று விசுவாசிகள் கேட்டபோது, 2005-ஆம் ஆண்டில் வத்திக்கானின் வாழ்வுக் கழகத்தார் இதனை ஆராய்ந்தனர். வேறு விதமாய்ச் செய்த ஊசி கிடையாதவிடத்து, பிள்ளைகளையும் கர்ப்பவதிகளையும் பேராபத்தினின்று காக்கும் பொருட்டு இதனை உபயோகிக்கலாம் என்றும், குற்றமற்ற வேறு வகை ஊசியைக் கோரி நிற்பது விசுவாசிகளின் கடமை என்றும் அவர்கள் விடை கூறினர். ஆதலின் மனச்சாட்சிக்கு இதில் தடையில்லை. கருக்கலைப்பை மனத்தாலும் நினையாத நம் குடும்பங்களுக்கோ, வருமுன் காப்பதை விட வேறு வழியும் இல்லை. கர்ப்பத்தில் வந்தபின் இவ்வியாதியைப் போக்கும் மருந்து இதுகாறும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இனி அக்கரையை நோக்குவோம். நம் தோணிகள் தலைமுறை தலைமுறையாகப் பாய்விரித்துச் சென்ற துறைகள் கொழும்பும் மாலத்தீவும் ஆகும். இலங்கையார் 1996-ஆம் ஆண்டிலேயே, பிள்ளை பெறும் வயதுடைய பெண்களுக்கு ஜெர்மன் அம்மை ஊசி இடத் தொடங்கினர். பிறகு குழந்தைகளுக்கும் விரித்தனர். நாம் குழந்தைகளில் தொடங்கினோம். அவர்கள் தாய்மாரில் தொடங்கினர். 2020-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இலங்கையும் மாலத்தீவும் தட்டம்மையையும் ஜெர்மன் அம்மையையும் தத்தம் எல்லையினின்று ஒழித்துவிட்டன என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் அறிவித்தனர். இந்தியாவிலோ அவ்விலக்கு முதலில் 2023 என்று வகுக்கப்பட்டு, பின் 2026 என்று நீட்டப்பட்டது. ஒரே கடல், ஒரே காற்று, ஒரே வகை மீன் உண்ணும் ஜனங்கள். முன்காலத்தில் இலங்கைக்குத் தொழிலுக்குப் போவாரைத் தட்டப்பாறை முகாமில் நிறுத்திப் பரிசோதித்தே கப்பலேற்றினர்; நம் கரையிலிருந்து வியாதி போய்விடுமோ என்று அஞ்சினர். இன்றும் அவ்வச்சத்துக்கு இடம் வைப்பது நமக்குப் பெருமையன்று.

அரைகுறையாகச் செய்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. கிரேக்க தேசத்தில் 1975-ஆம் ஆண்டையொட்டிக் குழந்தைகளிற் சிலருக்கு மாத்திரம் ஊசி இட்டு வந்தனர். பாதிக்கு மேல் இடவில்லை. அதனால் கிருமியின் நடமாட்டம் குறைந்ததேயன்றி ஒழியவில்லை. சிறுவயதில் இயல்பாக அம்மை வந்து காப்படைந்திருக்க வேண்டிய பெண்கள், ஊசியும் இல்லாமல் அம்மையும் வராமல் வளர்ந்து தாய்மை வயதை எய்தினர். 1993-ல் வியாதி பெருகியபோது அது அவர்களைப் பிடித்தது. 25 குழந்தைகள் ஊறுபட்டுப் பிறந்தது உறுதி செய்யப்பட்டது. நம் நாட்டிலும் இன்று குழந்தைகளுக்குக் காவல் வந்துவிட்டது; அவர்களுக்கு மூத்த பெண்களுக்கு வரவில்லை. நடுவில் நிற்கும் அப்பெண்களை மறந்தால் கிரேக்கர் கண்டதை நாமும் காண நேரும்.

ஆகவே, செய்யவேண்டுவது யாது? மூன்று வார்த்தைகளில் சொல்லின், ஓலைக்கு முன் ஊசி. நம் கோவில்களில் மணத்திற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கும் வழக்கம் உண்டு. வெற்றிலை மாற்றி நிச்சயம் செய்த உடனே, ஓலை வாசிக்கும் முன்னரே, மணப்பெண்ணை மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தத்தில் காப்பு உண்டா என்று பார்க்கவேண்டும்; இல்லையெனில் ஊசி இடுவிக்கவேண்டும். பரிசோதனைக்குச் செலவழிக்க இயலாதவர் மருத்துவரிடம் சொல்லி நேரே ஊசி இட்டுக்கொள்ளலாம்; முன்னமே காப்புள்ளவருக்கு அதனால் தீங்கில்லை. ஊசி இட்ட பின் ஒரு மாதம் வரை கர்ப்பந் தரியாதிருத்தல் வேண்டும். அதனாலேயே மணத்திற்கு முன் என்று வற்புறுத்துகின்றோம். பகர் பேசுவதற்கும் நகை செய்வதற்கும் மாதக்கணக்கில் நாள் ஒதுக்கும் நாம், இதற்கு ஒரு முற்பகலை ஒதுக்கலாகாதா? ஐம்பது சவரன் போட்டு அனுப்பும் மகளுக்கு இதுவும் ஒரு சீதனம் என்க.

மணமான பெண்ணும், ஒரு பிள்ளை பெற்ற பெண்ணும் அடுத்த கர்ப்பத்திற்கு முன் இவ்வாறே செய்யலாம். பிரசவித்த பின், பால் கொடுக்கும் காலத்தில் இடுவித்துக்கொள்வதில் தடையில்லை. கர்ப்பவதிக்கு மாத்திரம் இவ்வூசி இடலாகாது. அறியாமல் இட்டுவிட்டால் திகைக்க வேண்டா. அவ்வாறு நேர்ந்த ஆயிரக்கணக்கான பெண்களைப் பல தேசங்களில் கவனித்ததில், ஊசியால் இவ்வியாதியின் ஊறு சிசுவுக்கு வந்ததாகக் காணப்படவில்லை. மாப்பிள்ளைமார்களும் கொழுந்தன்மார்களும் தமக்கு இதில் யாதென்று இருத்தலாகாது. கப்பலிலும் வெளிநாட்டிலும் தொழில் செய்து பல துறைமுகம் கண்டு வீடு திரும்புவோர் அவர்களே. ஆண்கள் ஊசி இட்டுக்கொள்வதும் வீட்டிலுள்ள கர்ப்பிணிக்குக் காவலாகும்.

இப்போது கர்ப்பமாயிருக்கும் பெண்கள் செய்யவேண்டுவது வேறு. பொரியுள்ள குழந்தையோடு ஒரே அறையில் இருக்க நேர்ந்தாலோ, தமக்கே சுரத்தோடு பொரி கண்டாலோ, ‘அம்மைக்கு மருந்தில்லை, மூன்றாம் தண்ணீர் விட்டபின் பார்த்துக்கொள்வோம்’ என்று காத்திருத்தல் கூடாது. அன்றைய தினமே மருத்துவருக்குச் சொல்லி அனுப்பி, கர்ப்பிணி என்பதையும் பொரி விஷயத்தையும் முன்னதாகத் தெரிவித்துச் செல்லவேண்டும்; காத்திருக்கும் கூடத்தில் வேறு கர்ப்பிணிகள் இருப்பர் அன்றோ? முதல் இரத்தப் பரிசோதனையும், சில வாரங் கழித்து மறு பரிசோதனையும் உண்மையை விளக்கும். பெரும்பாலார்க்கு முன்னமே காப்புண்டு என்று தெரிந்து மனச்சுமை நீங்கும். சின்னம்மையும் கர்ப்பிணிகளுக்கு எளிதன்று. தாய்க்கு அது நுரையீரற் சுரமாக மாறக்கூடும். பிரசவத்தை ஒட்டிய நாட்களில் தாய்க்குக் கண்டால் பிறந்த சிசுவுக்குக் கடுமையாய் வரக்கூடும். அதற்கு மருந்தும் உண்டு. விரைந்து சென்றாலே அது பயன் தரும். ஆதலின் எந்த அம்மை என்று வீட்டில் தீர்ப்புக் கூறாது, மருத்துவரிடம் விடுதலே நன்று.

குறையோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அதன் தாயைப் பற்றி நாம் ஒரு வார்த்தை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். கிரகணத்தில் வெளியே வந்தாள், கண்ணேறு பட்டது, முன்னோர் செய்த பாவம் என்றெல்லாம் அவளைச் சுட்டிப் பேசுவது நம் ஜனங்களிடையே உள்ள கொடிய வழக்கம். ஒரு கிருமி செய்த தீங்கிற்கு ஒரு பெண்ணின் தலையில் பாவம் சுமத்துவது நியாயமோ? அக்குழந்தையின் உடலில் ஓராண்டு வரைக்கும் கிருமி இருக்கக்கூடும் ஆதலின், காப்பில்லாத கர்ப்பிணிகள் மாத்திரம் அக்காலம் விலகி நிற்கலாம்; மற்றவர் விலக வேண்டுவதில்லை. கருவிழியின் நடுவே வெண்மை தெரிந்தால் நாள் கடத்தாமல் கண் வைத்தியரிடம் காட்டவேண்டும். புரையை எடுப்பதில் தாமதம் பார்வையைக் குறைக்கும். பிறந்த மாதத்திலேயே செவியைப் பரிசோதிக்கும் கருவி இக்காலத்தில் உண்டு. சிறுவயதில் காதினுட் கருவி பொருத்துவதற்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் உதவுகின்றது. பாளையங்கோட்டையில் ஸ்வெய்ன்சன் அம்மையார் 1897-ல் தோற்றுவித்த செவிப்புலனற்றோர் பள்ளி, இக்குழந்தைகளும் கல்வி கற்றுத் தம் காலில் நிற்கவல்லவர் என்பதை நூறாண்டுகளுக்கு மேலாக நிரூபித்துவருகின்றது. குழந்தையை வீட்டின் பின்கட்டில் மறைத்து வைத்தல் அதற்கு இரண்டாம் முறை செய்யும் தீங்காகும்.

முத்துக்குளித்தலும் சங்குகுளித்தலும் நம் குலத்தொழில். 1961-ஆம் ஆண்டோடு நம் கடலில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆயினும் அதன் வழக்கங்கள் நம் முதியோர் வாய்மொழியில் நிற்கின்றன. ஆழத்தில் நீரின் அழுத்தம் தாங்காது செவி பழுதுற்ற குளிகாரர்களை நாம் அறிவோம். அவர்கள் வயிற்றுப்பாட்டின் பொருட்டுத் தெரிந்தே அதனை ஏற்றனர். தாயின் வயிற்றிலிருக்கும் சிசுவோ ஏதும் அறியாது செவியை இழக்கின்றது. முத்துச் சலாபத்தில் சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டி என்பவரை அழைத்து, அவர் தம் காரியம் முடித்தபின்னரே குளிகாரர் நீரில் இறங்குவர். கடல்கட்டியின் மந்திரத்தை இன்று நாம் நம்புவதில்லை. காவலை முன்னே தேடிப் பின்னே இறங்க வேண்டும் என்னும் அவர்களுடைய ஒழுங்கு மாத்திரம் எக்காலத்துக்கும் பொருந்துவதாகும்.

முடிவாக, நம் சங்கத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம். முதலாவது, மண விவரம் பதிய வருவோர் அனைவருக்கும் இவ்வூசியைப் பற்றிய ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தல் வேண்டும். இரண்டாவது, பரிசோதனைக்கும் ஊசிக்கும் செலவழிக்க இயலாத பெண்களுக்குச் சங்கத்தின் தர்ம நிதியிலிருந்து உதவுதல் வேண்டும். மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரை அழைத்து, 2002-க்கு முன் பிறந்த நம் பெண்கள் எல்லோரும் ஒரே நாளில் ஊசி பெற வசதி செய்தல் வேண்டும். நம் சங்கம் பள்ளிச் சம்பளத்துக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் பணம் ஒதுக்குகின்றது. பிறவாத பிள்ளையின் கண்ணுக்கும் காதுக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்குவதை அங்கத்தினர் ஒருவரும் மறுக்கமாட்டார் என்பது எமது நம்பிக்கை.

இக்கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு தாயும் வீட்டிற்குச் சென்று, தம் மகளின் வயதையும் மருமகளின் வயதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் போதும். மேற்கொண்டு செய்யவேண்டுவது தாமே விளங்கும்.